ஒன்றரைப் பாலம் தூரம்

தம்பி அந்த இரண்டு பெட்டிகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுளகை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெட்டிகளைத் திறந்தான். ஒவ்வொன்றிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புச் சாமான். பைனாகுலரைப் பாதியாக வெட்டி வைத்தது போல இருந்தது.

“என்னடா இது?”

“ரேஞ்ச்ஃபைண்டர் அக்கா. ஒத்தைக் கண்ணால பாத்து இந்தப் பொத்தானை அமத்தினா லேசர் போய்ப் பட்டுத் திரும்பி வந்து தூரத்தைச் சொல்லும். வேட்டைக்காரர் வச்சிருக்கிறது.”

“வெள்ளவத்தையில என்னத்தை வேட்டையாடப் போறாய்? காகமா?”

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாக என் வாய்க்குச் சரிக்குச் சரி வாய் காட்டுகிறவன். அன்றைக்கு ஒரு சாமானைக் கையில் எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தான்.

“ரெண்டையும் மூண்டு மாசத்துக்குள்ள கடையில திருப்பிக் குடுக்கலாம். இஞ்ச நிக்கிற நாளில வச்சுப் பாக்கப் போறன். ஒண்டு எனக்குச் சரிவந்தா வாற சீசனுக்கு வேட்டைக்குப் போவன். சரிவராட்டி வேட்டைத் துவக்கை வித்துப்போட்டு இஞ்சயே வந்திடுறன். உன்னோட இருந்திடுறன். அங்க எனக்கு வேற என்ன கிடக்கு?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்திலிருந்து, இரண்டு மெஷினும் ஒன்றுக்கும் உதவாத குப்பையாக இருக்க வேண்டும் என்று நான் பிள்ளையாரை வேண்டத் தொடங்கினேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்று, அதன் பிறகும் இந்த ஒழுங்கையிலேயே ரியூஷன் கொடுத்து, போன வருடம்தான் அதையும் விட்டேன். கல்யாணம் கட்டவில்லை, அதைப் பற்றி இங்கே கதைக்கப் போவதில்லை. எங்கள் பழைய வீடு இருந்த காணியில்தான் இப்போது எட்டு மாடி நிற்கிறது. அதில் மூன்றாவது மாடி எனக்கு. இரண்டு அறை. ஒரு அறையில் நான், மற்ற அறையில் யாருமில்லை. கடற்கரை ரயில் போகிறபோது அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி மட்டும் தனியே அதிரும்.

தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போனவன். எல்லாரும் போன பெரிய நகரத்துக்கு அல்ல, நடுவிலே உள்ள ஒரு சமவெளி மாகாணத்துக்கு. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், பிறகு கோதுமை, பிறகும் புல் என்று எழுதுவான். தமிழ்ச் சனம் ஒரு குஞ்சும் இல்லாத அந்த ஊரில், அவனோடு தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் முதல் வருடமே அவனை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மான் இறைச்சியில் கறி வைக்க நான் இங்கிருந்து வறுத்த மிளகாய்த்தூள் அனுப்ப, அந்த வெள்ளைக்காரன் கண்ணீர் வழியச் சாப்பிட்டு இன்னும் கேட்டானாம். நாற்பது வருடமாக அந்த இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேட்டைக்குப் போகிறார்கள். தம்பியின் மனைவி மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டாள். பிள்ளைகள் வேறு நகரங்களில். அதன் பிறகு அவனுக்கு அங்கே இருந்தது அந்த ஒரு சிநேகிதனும் வருடத்தில் மூன்று வாரம் வருகிற அந்த வேட்டைக் காலமும்தான்.

போன சீசனில்தான் எல்லாம் பிழையாகப் போனது. அந்த வருடம் மழை இல்லை, மான்கள் கிட்ட வரவில்லை. வழக்கமாகத் தம்பி நன்றாகத் தவழ்ந்து கிட்டப் போய்த்தான் சுடுவான். அன்றைக்கு வெட்டவெளி, ஒதுங்க ஒரு பற்றை இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, முந்நூறு யார், அதாவது முந்நூறு கஜம், என்று கணக்குப் போட்டுச் சுட்டிருக்கிறான். குண்டு இறங்கி முன்னங்காலில் பட்டது. மான் மூன்று காலில் ஓடிவிட்டது. இரண்டு பேரும் இரண்டு நாள் இரத்தத்தைப் பின்தொடர்ந்து நடந்தும் கிடைக்கவில்லை. சிநேகிதன் தன் மெஷினால் அளந்து பார்த்தபோது அது முந்நூற்று எழுபது.

“அது எங்கயோ கிடந்து செத்திருக்கும் அக்கா. எத்தினை நாள் கிடந்துதோ,” என்று வட்ஸ்அப்பில் சொன்னபோது அவன் அழுதான். “என்ர கண் போயிட்டுது. நான் ஒன்றரைப் பாலம் எண்டுதான் பாத்தனான்.”

பாலம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே சொந்தமான அளவு.

எங்கள் ஒழுங்கை அந்தக் காலத்தில் நேராகப் போய் ரயில் பாதையில் முடியும். மரைன் டிரைவ் எல்லாம் பிறகு வந்த கூத்து. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருங்கல், அதற்கும் அந்தப் பக்கம் கடல். இடது பக்கம் பார்த்தால் வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தில் ரயில் பாலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பணிஸும் பிளேன்ரீயும் விழுங்கிவிட்டு, ஆளுக்கொரு கல்லில் போய் இருந்துகொள்வோம். வேறு வேலை? அந்தக் காலத்தில் ஒரு வீட்டிலும் ரீவி இல்லை. கப்பல் பார்ப்பதும், மீன்பிடி வள்ளம் பார்ப்பதும், கல்லில் இருக்கிற காகம் எவ்வளவு தூரம் என்று பந்தயம் கட்டுவதும்தான் பொழுதுபோக்கு. தோற்றவர் மற்றவருக்கு அடுத்த நாள் புளியங்காயில் பாதி கொடுக்க வேண்டும்.

பந்தயத்துக்கு ஓர் அளவு வேண்டுமே. நான்தான் பாலத்தைக் கண்டுபிடித்தேன். ஒழுங்கை முனையிலிருந்து பாலத்துத் தூண் வரைக்கும் ஒரு பாலம். காகம் கால் பாலம். வள்ளம் இரண்டு பாலம். கப்பல் என்றால் “எண்ணேலாப் பாலம்” என்று தம்பி கத்துவான். ஒரு நாள் அவன் கேட்டான், “ஒரு பாலம் எண்டா எத்தினை யார் அக்கா?” அப்போது எனக்குப் பதினொரு வயது, வகுப்பில் கணக்கில் முதல் பிள்ளை, தெரியாது என்று சொல்லுகிற பழக்கம் அறவே இல்லை. “நில், அளந்துகொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு, ஓர் அடி ஒரு யார் வரத்தக்கதாகக் காலை அகட்டி அகட்டி வைத்துத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தேன்.

நூறாவது அடியில் ஒரு நாய் நின்றது. மீன்காரரின் குடிசைகளைக் காவல் காக்கிற நாய், சொறி பிடித்த பெரிய கறுப்பு நாய். பல்லைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. எனக்கு உயிர் போய் வந்தது. நாய் நிற்கிற இடம்தான் பாதி வழி என்று நானே தீர்மானித்துக்கொண்டு திரும்பி வந்தேன். “இருநூறு யார். சரியா இருநூறு,” என்று அவனிடம் சொன்னேன். நாயைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்கா பயந்து ஓடி வந்தாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான்.

அவ்வளவுதான். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. அந்த இருநூறை மூளைக்குள் எடுத்துக்கொண்டு கடல் கடந்து போய், பனி பெய்கிற ஒரு சமவெளியில் படுத்துக்கொண்டு, வாழ்க்கை முழுக்க மானை வெள்ளவத்தைப் பாலத்தால் அளந்திருக்கிறான். கிட்டப் போய் அரைப் பாலத்தில் சுடுகிற வரைக்கும் கொஞ்சம் கூடக் குறையப் போனாலும் குண்டு பெரிதாக இறங்காதாம். தூரம் கூடினால்தான் வினை என்று அவனே எனக்கு விளங்கப்படுத்தினான்.

சரி, மெஷினுக்கு வருவோம். முதலில் பல்கனியில் வைத்துப் பார்த்தான். முன்னால் ஃபிளாட், பின்னால் ஃபிளாட், எதிரே ஒரு மனுசி பல்கனியில் கச்சான் கடலையை உடைத்துக்கொண்டு எங்களையே முறைத்தாள். “உள்ள வாடா, வீண் சண்டை வரப்போகுது,” என்று இழுத்தேன். கடைசியில் கொழும்புத் துறைமுகப் பக்கம் இருக்கிற கொட்டாஞ்சேனைக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே அவனோடு படித்த ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஃபிளாட்டின் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகமும் கடலும் தேவாலயக் கோபுரமும் ஒன்றும் மறைக்காமல் தெரியும்.

“வெட்டவெளியில பாக்கிறதுக்கு மெஷின் எண்டா, பெட்டியில போட்டிருக்கிற நம்பரை நம்பாத மச்சான்,” என்றார் அவர், இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. “ஆயிரம் எண்டு போட்டிருப்பான். அது கண்ணாடிக்கும் தகரத்துக்கும். மானின்ர தோலுக்கு அதில பாதியும் வராது. கிரேனுக்கு மேல இருந்து எத்தனை வருஷம் தூரம் பாத்தவன் நான்.”

முதல் மெஷின் சின்னது, இலகு, விலையும் குறைவு. அதால் தம்பி துறைமுகத்துக் கிரேன் ஒன்றைப் பார்த்தான். பதினெட்டு என்று காட்டியது. மூன்று பேரும் விழித்தோம். பிறகுதான் விளங்கியது, அது கிரேனைப் பார்க்கவில்லை. நடுவில் கட்டியிருந்த உடுப்புக் கொடியில் தொங்கிய சாரத்தைப் பார்த்திருக்கிறது. முதலில் எது படுகிறதோ அதன் தூரத்தைச் சொல்லுகிற ரகம். கோல்ஃப் ஆடுகிறவனுக்கு அது நல்லதாம், கொடிக்கம்புதான் முன்னுக்கு நிற்கும். புல்வெளியிலோ மானுக்கு முன்னால் நிற்கிற புல்லைத்தான் அது அளக்கும்.

“இது சரிவராது,” என்றான் தம்பி. எனக்குள்ளே ஒரு துள்ளல். ஒன்று ஒழிந்தது.

இரண்டாவது கொஞ்சம் பாரம். ஆனால் அதில் ஒரு தெரிவு இருந்தது: முன்னால் நிற்கிறதை விட்டுவிட்டுக் கடைசியாகப் பட்டதைச் சொல்லும். இலக்கங்களும் கறுப்பில்லை, சிவப்பு. முதல் மெஷினின் கறுப்பு இலக்கம் கடலின் கருநீலத்தில் கரைந்துபோக, இது பளிச்சென்று தெரிந்தது. மான் வெளியே வருவது விடியலிலும் பொழுது படுகிறபோதும்தான், அந்த இருட்டில் கறுப்பு இலக்கத்தை வைத்து நாக்கு வழிக்கத்தான் முடியும் என்றார் கிரேன்காரர். கண்ணாடி போட்ட கண்ணுக்கும் முழு வட்டமும் தெரிய ஒரு ரப்பர் வளையத்தை மடித்துவிடலாம். குளிருக்கு பற்றரி படுத்துவிடும், அதை மட்டும் உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தக் குரலில் ஆசை இருந்தது.

பிறகு அவர்கள் பந்தயம் தொடங்கினார்கள். தம்பி முதலில் கண்ணால் சொல்லுவான், பிறகு மெஷின் சொல்லும்.

“கோபுரம் ரெண்டு பாலம். நானூறு.”

மெஷின் நானூற்றுத் தொண்ணூற்றைந்து என்றது.

“அந்த மஞ்சள் கிரேன் மூண்டு பாலம். அறுநூறு.”

எழுநூற்று நாற்பது.

“கீழ அந்தத் தண்ணித் தாங்கி அரைப் பாலம்.”

நூற்று இருபத்துமூன்று.

ஒவ்வொரு முறையும் அவன் முகம் ஒரு படி இறங்கியது. “பாத்தியா மச்சான், ஒண்டும் சரியில்ல. எல்லாம் குறைச்சுத்தான் தெரியுது. கண் போயிட்டுது,” என்றான். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவள் பக்கத்தில் நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் பிழைக்கிறதே என்று என் மண்டையில் படவில்லை. நான் வேறு யோசனையில் இருந்தேன். வெறும் அறைக்கு எந்த நிறத் திரைச்சீலை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த ஃபிளாட்டின் காவற்காரர் மேலே வந்தார். “மாத்தயா, மொனவத மே?” என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா, என்ன இது என்று கேட்டதுதான், அதட்டலும் இல்லை. ஆனால் துறைமுகத்தை நோக்கி ஒரு தமிழன் கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்பாவின் பைனாகுலரை நான் சண்டைக் காலத்தில் வீட்டுச் சோதனைக்குப் பயந்து பழைய சேலையில் சுற்றி, குப்பையோடு குப்பையாகக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டவள். அந்தப் பயம் இன்னும் எலும்புக்குள் கிடக்கிறது. கிரேன்காரர் மட்டும் அசையவில்லை.

“மொனவத் நே மல்லி, கோல்ஃப் கஹன மெஷின் எகக்,” என்றார். ஒன்றுமில்லைத் தம்பி, கோல்ஃப் ஆடுகிற மெஷின் என்று.

காவற்காரர் உடுப்புக் கொடியையும், தண்ணீர்த் தாங்கியையும், என் சேலையையும் பார்த்தார். கொட்டாஞ்சேனை மொட்டை மாடியில் கோல்ஃப். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தம்பி அப்படிச் சிரித்ததைப் பார்த்து எத்தனை வருடம்! அதைப் பார்த்த பிறகு இவனை விடவே கூடாது என்று எனக்கு இன்னும் வெறி பிடித்துவிட்டது.

அடுத்த நாள் காலை கடற்கரைக்குப் போனோம். ஒழுங்கை முனையில் மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றோம். கடலை நோக்கி அமத்தினால் மெஷின் வெறும் கோடுகள்தான் காட்டியது. அலை ஒன்றையும் திருப்பி அனுப்பாது. பிறகு தம்பி இடது பக்கம் திரும்பினான். பாலத்தின் இரும்பு மாறியிருந்தது. கரையோரத் தூண் அதேதான்.

“கடைசியா இதைப் பாப்பம்,” என்றான். “மெஷின் இருநூறு எண்டு சொன்னா மெஷின் சரி, என்ர கண் பிழை. கண் பிழைச்சவன் மெஷின் வச்சிருந்தும் துவக்கைத் தொடக்கூடாது. வேற சொன்னா மெஷின் பிழை. இந்தா, நீ பார். நீ அளந்த பாலம்தானே.”

நான் வாங்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் தூண் வந்தது. பொத்தானை அமத்தினேன். சிவப்பில் இருநூற்று நாற்பத்தேழு.

திரும்ப அமத்தினேன். இருநூற்று நாற்பத்தேழு.

ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. நாய் நின்றது பாதி வழியில் இல்லை. அறுபத்தேழு வயதிலும் மனக்கணக்கு எனக்குப் பிழைப்பதில்லை: இருநூற்று நாற்பத்தேழு, அதில் பாதி நூற்று இருபத்துமூன்றரை, கூட்டினால் முந்நூற்று எழுபதரை. ஒன்றரைப் பாலம். மான் நின்ற இடம். தம்பியின் கண் ஒரு யார் கூடப் பிழைக்கவில்லை. பிழைத்தது நான்.

“எவ்வளவு?” என்று கேட்டான்.

“இருநூறு,” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். சரியான இலக்கத்தைச் சொன்னால் அவன் போய்விடுவான், பிழையானதைச் சொன்னால் இருப்பான். அவ்வளவு கணக்கையும் அந்த ஒரு மூச்சுக்குள் போட்டு முடித்தேன்.

அவன் மெஷினைத் திருப்பி வாங்கி ஒரு தரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “நீ சொன்னாச் சரி,” என்று சொல்லி அதை உறைக்குள் போட்டு மூடினான். “சரி அக்கா. அப்ப கண்தான். முடிஞ்சுது.”

அடுத்த பத்து நாளும் நான் வானத்தில் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அறைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தேன். நீத்துப்பூசணி வாங்கி வந்து பழப்புளி விட்டு அவனுக்குப் பிடித்த மாதிரி வைத்தேன். ஒவ்வொரு நாளும் கணவாய், இறால், ஒடியல் கூழ். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து பேப்பர் பங்குபோட்டு வாசித்தோம். சின்ன வயதில் அவன் விளையாட்டுப் பக்கத்தைப் பறித்துக்கொண்டு ஓடுவான். இப்போதும் அதையே முதலில் எடுத்தான். வீட்டுக்குள் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் எவ்வளவு நல்ல சத்தம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

ஆனால் அவன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழவன் ஆனான். கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதுக்குக் கண் திறமாக இருக்கிறது, கண்ணாடிகூட மாற்றத் தேவையில்லை என்றார். வெளியே வந்து தம்பி சொன்னான், “அவருக்கென்ன தெரியும்? எழுத்து வாசிக்கிறது வேற, தூரம் வேற.” காலி வீதி என்கிற பெரிய ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்தான். படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவினான். பின்னேரம் கடற்கரைக்குப் போனால் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

“அங்க பார், கப்பல். எத்தினை பாலம்?” என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

“எனக்கென்ன தெரியும் அக்கா,” என்றான்.

அறுபது வருடத்தில் அவன் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னதே இல்லை. அன்றைக்குப் பூராவும் நான் அவனோடு எரிந்து எரிந்து விழுந்தேன். குற்றம் செய்தால் எனக்குக் கோபம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டு முடிந்து, அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். சிநேகிதனுக்கு எழுதுகிறானாம். வாசித்துக் காட்டினான். என் கண் முடிந்துவிட்டது, இனி நான் வரமாட்டேன், துவக்கை நீயே எடுத்துக்கொள், அந்த மானுக்கு நான் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை என்று இங்கிலீசில் எழுதியிருந்தான்.

“சரியா எழுதியிருக்கிறனா? அனுப்பட்டே?”

“அனுப்பாத,” என்றேன்.

“ஏன்?”

சொன்னேன். நாய், நூறு அடி, நானாகப் போட்ட இருநூறு, கடற்கரையில் பார்த்த இலக்கம், நான் சொன்ன பொய். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, “உன்ர கண்ணில ஒரு பிழையும் இல்ல. அந்த மானைக் கொன்ற பாவம் எனக்கு,” என்றேன். சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவன் என்னைப் பாவம் பார்த்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரை மணித்தியாலம் கழித்து வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“இருநூற்று நாப்பத்தேழு,” என்றான்.

“ஓம்.”

கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தான். ஏசப் போகிறான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பி ஏசி ஆறியிருப்பேன். அவன் ஏசவில்லை.

“நான் இஞ்ச இருக்கவேணும் எண்டுதானே சொன்னனீ?”

“ஓம்.”

“அதுக்கு ஏனக்கா பொய்? இரு எண்டு கேட்டிருந்தா இருந்திருப்பனே. நான் போன நாளில இருந்து நீ ஒருக்காக்கூட இரு எண்டு என்னட்டைக் கேக்கேல்ல. எயார்போட்டில நிண்டு சட்டையை மடிச்சு வை, சாப்பாட்டைப் பார் எண்டுதான் சொன்னனீ.”

அது உண்மை. கேட்க எனக்குத் தெரியாது. கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியும், பிழை திருத்தத் தெரியும், ஏசத் தெரியும். இரு என்று ஒரு மனுசனிடம் கேட்க மட்டும் இந்த வாய்க்கு வராது.

“இப்ப கேக்கட்டே?” என்றேன்.

அவன் மேசையில் கிடந்த போனை எடுத்து, எழுதியிருந்த செய்தியை முழுவதுமாக அழித்தான். பிறகு என் கையைப் பிடித்தான். அவன் கண் நிறைந்திருந்தது, ஆனாலும் நேராக என்னைப் பார்த்தான்.

“இப்ப கேக்காத அக்கா. இப்ப கேட்டா நான் இருந்திடுவன்.”

நான் கேட்கவில்லை. மாசிக் கடைசியில் அவன் சிவப்பு இலக்கம் காட்டுகிற மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.